உடும்பால் முடியாததைச் செய்யும் உங்கள் கல்லீரல்... தெரியுமா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய ஊர். மன்னன் துரத்திய பொன் உடும்பு புற்றுக்குள் புகுந்துகொள்ள, அங்கே ஈசன் வெளிப்பட்டார் என்கிறது தல புராணம். மூலவரின் வடிவமே உடும்பு வால் போலத்தான்! ஆனால், பல்லிக்கு அறுந்த வால் முளைக்கும். உடும்புக்கு முளைக்காது, தெரியுமா? வெட்டிக் கொடுத்தாலும் மறுபடி நிறைகிற ஓர் உறுப்பு நமக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் கல்லீரல்!

★ இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை யாருக்கு, தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு! 1998 நவம்பரில், டெல்லி அப்போலோவில், 20 மாதக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு அப்பா தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனார்? டாக்டர்!

★ சஞ்சய்க்கு வந்தது பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபடும் நோய். குழந்தை பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை போகவில்லையா? துணியில் மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறதா? கீழாநெல்லி அரைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பித்தம் வடிய வழி செய்யும் அறுவையை முதல் 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அது கைகொடுக்காவிட்டால்தான் மாற்று ஈரல்.

★ வெட்டிய துண்டு அதே இடத்தில் முளைப்பதில்லை! வலப் பக்கத்தைக் கொடுத்தால், மிச்சமிருக்கும் இடப் பக்கம் பருத்து, இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். வாங்கியவர் வயிற்றுக்குள் போன துண்டும் அப்படியே வளரும். ஓர் ஈரல், இரண்டு ஆள்! வலப் பக்கத்தைக் கொடுப்பவருக்குப் பித்தப்பையையும் எடுத்துவிடுவார்கள். அது மட்டும் திரும்ப வராது.

★ எவ்வளவு கொடுக்க வேண்டும்? பொதுவான கணக்கு, வாங்குபவர் எடையில் குறைந்தது 0.8 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். அரைக் கிலோகூட இல்லை! கொடுப்பவரிடம் குறைந்தது 30 சதவீத ஈரல் மிஞ்ச வேண்டும்.

★ சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோலத் திசுப் பொருத்தம் கட்டாயமில்லை. ரத்தப் பிரிவு பொருந்தினாலே பெரும்பாலும் போதும்! அதனால்தான் ரத்த சொந்தமே இல்லாத மனைவி கணவனுக்குக் கொடுக்க முடிகிறது.

★ உயிரோடிருப்பவர் தந்த ஈரல் உலகில் முதன்முதலாக வெற்றி கண்டது 1989-ல், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். மருத்துவர் ரஸ்ஸல் ஸ்ட்ராங் குழுவின் கையால் ஜப்பானிய அம்மா ஒருவர் தன் மகனுக்குக் கொடுத்தார். அடுத்த ஒன்பதே ஆண்டில் காஞ்சிபுரத்துக் குழந்தை!

★ 18 வயது நிரம்பாதவர் உயிரோடிருக்கும்போது தானம் தரச் சட்டம் பொதுவாக இடம் தராது. ஆனால் கேரளத்தில் 17 வயது மாணவி உயர் நீதிமன்றம் வரை போய் அனுமதி வாங்கி, 2023-ல் அப்பாவுக்குக் கொடுத்தார். அவர் ஈரலில் கொழுப்பு இருந்தது. சாப்பாட்டைக் குறைத்து, ஜிம்முக்குப் போய், அதைக் கரைத்துவிட்டுத்தான் அறுவை மேசையில் படுத்தார்!

★ யார் கொடுக்கலாம்? பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி. உறுப்பு தானச் சட்டத்தின் 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகளும் சட்டப்படி நெருங்கிய உறவு. மற்றவர் கொடுக்க அங்கீகாரக் குழு சம்மதிக்க வேண்டும். காசுக்கு விற்றால் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம்!

★ ஆபத்தே இல்லையா? இருக்கிறது. வலப் பக்கம் கொடுப்பவரில் சில நூறு பேருக்கு ஒருவர் உயிரிழக்கக்கூடும் என்று மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சுமார் ஒரு வாரம் ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்துக்கு நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் எதையும் தூக்கக் கூடாது. கடைசி நிமிடத்தில் "வேண்டாம்" என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

★ தானம் கொடுக்க வருபவர் பலர் எதனால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், தெரியுமா? ஈரல் கொழுப்பால்! பெரும்பாலும் வெளியே ஓர் அறிகுறியும் காட்டாது. வயிற்றை ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளைக்கே கொடுக்க நினைத்தாலும், இன்றைக்கு உங்கள் ஈரல் அதற்குத் தயாரா?