வகுப்பறைக்குள் ஒரு தக்காளிச் சந்தை

தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியை மாணவர்கள் எளிதாக வரைந்துவிடுகிறார்கள். அந்த விலையை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிறது. ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு கோடு இன்னும் நேராக விழுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கான கருவி 1940களிலேயே கிடைத்துவிட்டது. ஹார்வர்டு பேராசிரியர் எட்வர்டு சேம்பர்லின் தம் மாணவர்களை வாங்குவோர், விற்போர் எனப் பிரித்துப் பேரம் பேசவிட்டு, நடந்ததை 1948இல் கட்டுரையாக்கினார். ஆளாளுக்குத் தனியே பேசியதால் விலை சமநிலையில் நிற்கவில்லை. அவரிடம் படித்த வெர்னன் ஸ்மித், எல்லோர் காதிலும் விழும்படி ஏலம்போல விலை கூறவைத்தார்; சில சுற்றுகளில் விலை சமநிலையை நெருங்கியது. 2002இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பிளஸ் ஒன் வகுப்பில் இதற்கு 20 அட்டைகள் போதும். வாங்கும் 10 பேருக்கு, ஒரு கிலோ தக்காளிக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விலை 10, 20 என 100 ரூபாய் வரை. விற்கும் 10 பேருக்கு அதே எண்கள் அடக்க விலை. அட்டையை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது. படிந்த விலைகளை ஆசிரியர் பலகையில் எழுதிவரவேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளில் விலை 50க்கும் 60க்கும் நடுவே ஒதுங்கத் தொடங்கும். ஏறத்தாழ 5 கிலோ கைமாறும். அதன்பின் அட்டைகளை வரிசைப்படுத்தினால் இரு கோடுகளும் தாமே கிடைக்கும். வரைபடத்தை முதலில் காட்டிவிட்டால் விளையாட்டு வீண்.

அடுத்த சுற்றில் ‘30 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது’ என்று அறிவிக்கலாம். கேட்பவர்கள் 8 பேர், கொடுக்க முன்வருபவர்கள் 3 பேர். தட்டுப்பாடு கண்ணெதிரே வரும். சில வகுப்புகளில் கள்ளச்சந்தையும் வரும், தடுக்கவேண்டாம். வாங்குவோரில் 10 ரூபாய் அட்டைக்காரர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். ரேஷன் கடைப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

பணவீக்கத்தைக் கற்பிக்க ஒரு குடும்பத்தின் மாதச் செலவுப் பட்டியல் உதவும். 2012ஐ அடிப்படையாண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை ஊரகத்தில் 54.18 சதவீதம், நகரத்தில் 36.29 சதவீதமாக இருந்தது. காய்கறி விலை ஏறும்போது கிராமம் ஏன் அதிகம் தவிக்கிறது என்பதை மாணவர்களே கணக்கிடலாம். பட்டியல் கற்பனைக் குடும்பத்துடையதாக இருக்கட்டும். பிள்ளைகளின் வீட்டு வரவுசெலவை வகுப்பில் கேட்கக்கூடாது.