மக்கட்பெருக்கமும் மகளின் மதிப்பும்

உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15ஆம் நாள் 800 கோடியை எட்டியதாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. 1800ஆம் ஆண்டளவில் நூறு கோடியாக இருந்த மனித இனம் இருநூறு கோடியாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. எழுநூறு கோடி எண்ணூறு கோடியாவதற்கோ பதினொரு ஆண்டுகளே போதுமானவையாயின. இவ்வெண்களைக் கேட்ட மாத்திரத்தில் உள்ளத்தில் எழுவது அச்சமே. இத்தனை வாய்களுக்கு உணவு எங்கே, நீர் எங்கே, வேலை எங்கே என்னும் வினாக்கள் இயல்பானவையே. ஆயினும், அச்சத்தின் கண்கொண்டு மட்டும் இப்பொருளை நோக்கியோர் பெரும்பாலும் பிழையான முடிவுகளுக்கே வந்துள்ளனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

அச்சத்தின் வரலாறு

மக்கட்பெருக்கம் உணவு விளைச்சலை விஞ்சிவிடும் என 1798இல் ஆங்கிலேய அறிஞர் மால்தஸ் எழுதினார். 1968இல் அமெரிக்கரான பால் எர்லிக், எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என எச்சரித்தார். அவர் அஞ்சிய அளவிலான பேரழிவு நேரவில்லை. பசுமைப் புரட்சி விளைச்சலைப் பெருக்கிற்று. மால்தஸுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்னரே வாழ்ந்த இப்னு கல்தூன், தமது ‘முகத்திமா’வில் இப்பொருளின் இரு பக்கங்களையும் கண்டிருந்தார். மாந்தர் பலர் கூடி உழைக்கும்போது தம் தேவைக்கு மேற்பட்டே விளைவிக்கின்றனர். ஆதலால் மக்கள் செறிந்த நகரம் செழிக்கிறது என்றார். ஆட்சி சீர்குலையும் காலத்தில் அதே நெரிசல் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இடமளிக்கிறது என்பதையும் அவர் சுட்டத் தவறவில்லை. தீமை எண்ணிக்கையில் மட்டும் இல்லை, ஆளும் முறையிலும் உள்ளது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பெருக்கம் ஏன் நேர்ந்தது?

வளரும் நாடுகளில் பிறப்புகள் திடீரென மிகுந்ததால் மக்கள்தொகை பெருகவில்லை. தடுப்பூசியும் தூய நீரும் மருத்துவமும் வந்து இறப்புகள் குறைந்தன. பிறப்புகளோ பழைய அளவிலேயே சில தலைமுறைகள் தொடர்ந்தன. இவ்விடைவெளியே பெருக்கத்திற்குக் காரணம். பிறந்த பிள்ளை பிழைத்திருக்கும் என்னும் நம்பிக்கை பெற்றோர்க்கு வந்தபின் பிறப்புகளும் குறையத் தொடங்குகின்றன. 1960களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைத் தாண்டிய உலக வளர்ச்சி வேகம் இன்று 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

விளைவுகள் இல்லை என்பதன்று. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பள்ளிகளும் வேலைவாய்ப்பும் பெருகும் தலைமுறைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. இளைஞர் கடல் கடந்து செல்கின்றனர். புவி வெப்பமடைதலைப் பொறுத்தவரை, தலைகளின் எண்ணிக்கையைவிட நுகர்வின் அளவே பெரிதாகப் பேசுகிறது. ஓர் அமெரிக்கர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 14 டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியிடுகிறார். ஓர் இந்தியரின் பங்கு ஏறத்தாழ 2 டன். ஏழையின் தொட்டிலை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது.

வற்புறுத்தலும் வழிகாட்டலும்

குடும்பநலத் திட்டத்தை அரசின் கொள்கையாக உலகில் முதன்முதல் அறிவித்த நாடு இந்தியா, ஆண்டு 1952. நெருக்கடி நிலைக் காலத்தில் இத்திட்டம் வற்புறுத்தலாக மாறிற்று. 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. எளியோரே பெரிதும் துன்புற்றனர். மக்கள் 1977 தேர்தலில் விடை கூறினர். குடும்பநலம் என்னும் சொல்லே வட இந்தியாவில் நெடுங்காலம் ஐயத்துக்குரியதாயிற்று.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை இங்கு 1971இல் 3.9. அது 1993இல் 2.1 ஆகவும் 2020இல் 1.4 ஆகவும் குறைந்தது. மதிய உணவு, ஆரம்ப சுகாதார நிலையங்கள், பெண்கல்வி, தள்ளிப்போன திருமண வயது, குறைந்த சிசு மரணம் ஆகியன சேர்ந்தே இம்மாற்றத்தை விளைவித்தன.

முஸ்லிம்கள் வேண்டுமென்றே பெருகுகின்றனர் என்னும் குற்றச்சாட்டும் இவ்விடத்தில் ஆய்வுக்குரியது. தேசிய குடும்பநல ஆய்வுகளின்படி இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி 1992–93இல் 4.4 ஆக இருந்து 2019–21இல் 2.4 ஆகக் குறைந்துள்ளது. தமிழக முஸ்லிம் பெண்களின் சராசரி, பீகார் இந்துப் பெண்களின் சராசரியைவிடக் குறைவு. பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சமயத்தைவிட, வாழும் ஊரும் பெற்ற கல்வியுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கடலூர் கூறும் எச்சரிக்கை

எண்ணிக்கை குறைந்ததே வெற்றி என்று மகிழ்ந்திருக்க நம் மாவட்டம் இடந்தரவில்லை. 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்ட மக்கள்தொகை 26 லட்சம். ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1,51,954 பேர். பெண் பிள்ளைகள் 1,36,103 பேர் மட்டுமே. அதாவது ஆயிரம் சிறுவருக்கு 896 சிறுமியர். மாநிலச் சராசரி 943. இயற்கையில் இவ்வயதில் ஆயிரத்துக்கு 950 அளவில் சிறுமியர் இருத்தல் வேண்டும். இவ்வளவுகோலால் கணக்கிட்டால், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களையும் உள்ளடக்கிய நம் மாவட்டத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் சிறுமியர் இல்லாது போயினர். தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் கடலூருக்கும் நீட்டிக்கப்பட்டமைக்கு இதுவே பின்னணி.

காரணம் வெளிப்படை. நான்கைந்து பிள்ளைகள் பெற்ற காலத்தில் ஆணும் பெண்ணும் கலந்து பிறந்தனர். இருவரே போதும் என்னும் காலத்தில், அவ்விருவருள் ஒருவரேனும் ஆணாக இருக்க வேண்டும் என்னும் பிடிவாதம் கூர்மையடைகிறது. கருவின் பாலினத்தைக் கண்டு கூறுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆனால் வரதட்சணைக் கணக்கு வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே சட்டம் எளிதில் நுழைவதில்லை.

மார்க்க அறிஞர் நோக்கு

கருத்தரிப்பைத் தவிர்க்கும் ‘அஸ்ல்’ முறை நபிகளாரின் (ஸல்) காலத்தில் வழக்கிலிருந்ததை ஜாபிர் (ரலி) அறிவித்துள்ளார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் இதனை ஆராய்ந்து, தாயின் உடல்நலம், மிகுந்த பிள்ளைகளால் நேரும் நெருக்கடி போன்ற காரணங்களுக்காக அதனைத் தடுக்கப்பட்டதாகக் கருதவில்லை. ஆனால் பெண் பிறந்துவிடுமே என்னும் அச்சத்தால் அதனைச் செய்வதை அவர் தீய நோக்கமென ஒதுக்கினார். செயல் ஒன்றே, நோக்கம் அதன் தன்மையை மாற்றிவிடுகிறது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லலாகாது என்பதும், உயிருடன் புதைக்கப்பட்ட சிறுமி மறுமையில் வினவப்படுவாள் என்பதும் திருமறையின் போதனைகள். அறியாமைக் காலத்து மணற்குழிக்கும் இக்காலக் கருவிக்கும் இடையே உள்ள வேறுபாடு முறையளவில்தான்.

இது பிறர் வீட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மஹர் கொடுக்கக் கடமைப்பட்ட மணமகன் வீட்டார், நகையும் ரொக்கமும் கேட்டுப் பெறும் வழக்கம் நம் சமூகத்திலும் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கம் நீடிக்கும்வரை மகள் சுமையாகவே எண்ணப்படுவாள். ஈரானில் 1989க்குப் பின் குடும்பநலம் பரவியபோது, மணமக்கள் திருமணத்துக்கு முன் வகுப்பில் அமர்ந்து பயின்றனர். மார்க்க அறிஞர்களும் துணைநின்றனர். நம் மஹல்லா ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டைத் திறக்குமுன், மணமக்களோடு ஒரு மணி நேரம் இவை பற்றிப் பேசினால் என்ன?

எத்தனை பிள்ளைகள் என்பது அந்தந்தக் குடும்பம் தன் நிலையறிந்து எடுக்க வேண்டிய முடிவு. பிறக்கும் பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் ஒரே மகிழ்ச்சியோடு வரவேற்கப்பட வேண்டும் என்பதோ சமூகம் முழுவதன் கடமை. அடுத்த கணக்கெடுப்பில் 896 என்னும் எண் மாறியிருக்குமா என்பது, கணக்கெடுப்பாளர் வருமுன் நம் வீடுகளில் நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்ததேயாகும்.