பார்த்து நிற்பவனுக்கும் ஒரு பாடம் வேண்டும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயின்றோருக்கும் கற்பித்தோருக்கும் ‘பகிடிவதை’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. செய்பவனுக்கு அது பகிடி. அனுபவிப்பவனுக்கு அது வதை. 1997ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதைக்கு உள்ளான பொறியியல் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அதற்கான காரணத்தை நான் கண்கூடாகக் கண்டேன். வதைத்தவர்கள் எப்போதும் சிலரே. சூழ நின்று சிரித்தவர்களும், சிரிக்க மனமின்றியும் தடுக்கத் துணிவின்றியும் நின்றவர்களுமே பலர். அந்தப் பலரின் மௌனத்திலேதான் அந்தச் சிலரின் அதிகாரம் தங்கியிருந்தது.

இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கிறார்கள். விடுதி வாசலில் வழிமறிக்கும் சிரேஷ்ட மாணவர்கள் இங்கு இல்லை என்று பெற்றோர் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் வதை தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. அன்று பகிடிவதைக்கு ஆளானவன் வார இறுதியில் பேருந்தேறி வீடு சென்றால் இரண்டு நாட்களாவது மூச்சு விடலாம். இன்று வதைப்பவன் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறான். படுக்கையறை வரை கூடவே வருகிறான்.

2010ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் உள்ள ரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் தமது அறையில் இன்னொருவருடன் தனித்திருந்த வேளையில், அறைத்தோழன் கணினியின் ஒளிப்படக் கருவியை வேறோர் அறையிலிருந்து இயக்கி அதைப் பார்த்தான். பார்த்ததை ருவிற்றரில் எழுதினான். மீண்டும் பார்க்க வருமாறு மற்றவர்களையும் அழைத்தான். சில நாட்களில், 18 வயதான அந்த மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இச்சம்பவத்தில் பலர் கவனியாது விட்ட ஓர் உண்மை உண்டு. அந்த மாணவர் வாய்மூடி இருக்கவில்லை. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைக் கண்டறிந்தார். அறையை மாற்றித் தருமாறு கேட்டார். விடுதிப் பொறுப்பாளரிடமும் முறையிட்டார். பாதிக்கப்பட்டவர் செய்யவேண்டியதென்று நாம் கற்பிக்கும் யாவற்றையும் அவர் செய்தார். செய்யாதிருந்தவர்கள் வேறு சிலர். அழைப்பைப் படித்தவர்களுள் ஒருவர் அன்றே அவரது கதவைத் தட்டி, “நான் உன் பக்கம்” என்று சொல்லியிருந்தால் முடிவு வேறாகியிருக்குமா என்பது எவராலும் விடைகூற முடியாத வினா. ஆயினும் கேட்கவேண்டிய வினா. 2011ஆம் ஆண்டு சனவரியில் நியூ ஜேர்சி மாநிலம் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமொன்றை நிறைவேற்றியது. அறைத்தோழன் மீதான வழக்கோ 2016ஆம் ஆண்டுவரை நீண்டது. சட்டத்தின் கால்கள் நீளமானவை. ஆயினும் அது மெதுவாகவே நடக்கிறது.

இதற்கு மறுதலையான சம்பவமொன்று 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் வெளிவந்தது. மாணவர் சிலர் தமக்குள் நடத்திய குழு உரையாடலில், உடன் பயிலும் பெண்களின் பெயர்களைச் சுட்டி, அவர்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்துவது பற்றி ‘பகிடி’ பேசினர். அவ்வுரையாடல் ஒரு மாணவியின் கண்ணில் பட்டது. அவர் அதைப் படமெடுத்து வைத்திருந்தமையால் முறைப்பாடு செய்ய வழி பிறந்தது. இருவருக்கு விதிக்கப்பட்ட 10 ஆண்டுத் தடை ஓராண்டாகக் குறைக்கப்பட்டபோது மாணவர் எதிர்ப்புப் பெருகியது. 2019ஆம் ஆண்டு சுயாதீன மீளாய்வு நடந்தது. பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. கதவை மூடிக்கொண்டு நடந்த வதை ஒருவர் பார்த்ததனாலேயே வெளிச்சத்துக்கு வந்தது.

இணையப் பாதுகாப்பு என்று பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கற்பிப்பது பூட்டுகளைப் பற்றியே. கடவுச்சொல்லை மாற்று, இரட்டை உறுதிப்படுத்தலை இயக்கு, முன்பின் அறியாதவரை நண்பராக்காதே. இவை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பங்களுக்கு இவை இரட்டிப்பு அவசியமானவை. வீட்டு வாசலில் எடுத்த ஒரு படம் முகவரியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு திருமணப் படத்தில் குறிக்கப்பட்ட பெயர், ஊரில் இருக்கும் உறவினரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பூட்டைப் பற்றி மட்டும் கற்பித்தால், களவு போனபின் ‘நீ ஏன் சரியாகப் பூட்டவில்லை’ என்ற கேள்வியே எஞ்சும். குற்றம் செய்தவன் தப்பிக்கொள்வான். பாதிக்கப்பட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

ஆகவே முதலாம் ஆண்டு மாணவருக்குக் கற்பிக்கவேண்டிய முதற் பாடம், பார்த்து நிற்பவனின் கடமை. இழிவான படமோ செய்தியோ உன் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் அதை இன்னொருவருக்கு அனுப்பாதே. சிரிப்புக் குறியும் போடாதே. எழுதியவனிடம் இது தவறென்று ஒரு வரியில் சொல். சொல்லத் துணிவில்லாவிடின், பாதிக்கப்பட்டவருக்குத் தனியே ஒரு வரி எழுது. அந்த ஒரு வரி அவரது தனிமையை உடைக்கும்.

இரண்டாவது பாடம், சான்றைக் காப்பது. அருவருப்பினால் உடனே அழித்துவிடத் தோன்றும். அழிக்கலாகாது. திகதி, நேரம், அனுப்பியவரின் கணக்குப் பெயர் ஆகியன தெரியும்படி திரையைப் படமெடுத்து வைக்கவேண்டும். அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பவனுக்கு ஒரு சதமும் கொடுக்கலாகாது. கொடுத்தவரிடமே அவன் மீண்டும் கேட்பான்.

மூன்றாவது பாடம், செல்லவேண்டிய வாசல் எது என்பது. ஒருவரின் சம்மதமின்றி அவரது அந்தரங்கப் படத்தைப் பரப்புவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டிலிருந்து குற்றம். பரப்புவேன் என்று மிரட்டுவதையும் 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்று குற்றமாக்கியது. கனடாவில் 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி 5 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். அவுஸ்திரேலியாவில் 2022ஆம் ஆண்டு சனவரி முதல், இத்தகைய படத்தை 24 மணி நேரத்துள் அகற்றுமாறு உத்தரவிடும் அதிகாரம் இணையப் பாதுகாப்பு ஆணையாளருக்கு உண்டு.

விசா முடிவுக்காகக் காத்திருப்போர் பொலிஸ் நிலையப் படியேற அஞ்சுவது எனக்குத் தெரியும். அவர்கள் முதலில் தம் சட்டத்தரணியிடமோ பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவிடமோ பேசலாம். 2021ஆம் ஆண்டு பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ‘ஸ்ரொப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவசச் சேவைக்குப் பெயரும் வேண்டாம். பொலிஸ் முறைப்பாடும் வேண்டாம். படம் கைத்தொலைபேசியை விட்டு வெளியேறுவதில்லை. அதன் கைரேகை போன்ற இலக்கக் குறியீடு மட்டுமே அனுப்பப்படும். இச்சேவையுடன் இணைந்த நிறுவனங்கள் அக்குறியீட்டைக் கொண்டு அப்படம் தம் தளங்களில் ஏறாது தடுக்க முயலும். 18 வயது நிரம்பியோர் எந்த நாட்டிலிருந்தும் இதைப் பயன்படுத்தலாம்.

இவற்றையெல்லாம் எம்மவர் மண்டபமொன்றில், பல்கலைக்கழகம் செல்லும் இளையோர் சிலருக்கு ஒரு சனிக்கிழமை விளக்கினேன். முடிவில், “இப்படியொரு துன்பம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். சிநேகிதி என்றனர், ஆசிரியர் என்றனர். பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை மட்டும், “ஆருக்குச் சொன்னாலும் அம்மாவுக்குச் சொல்லமாட்டன், சேர்” என்றாள். ஏனென்று கேட்டேன். “போனைப் பறிச்சுப்போடுவா. பிறகு சனம் என்ன சொல்லும் எண்டு இருந்து அழுவா. நான் அவவைத் தேற்றவேணும்.” எவரும் சிரிக்கவில்லை. பலர் தலையைக் குனிந்துகொண்டனர்.

மிரட்டுபவனுக்கு எமது வீடுகளைப் பற்றி நன்கு தெரியும். “உன் தகப்பனுக்கு அனுப்புவேன்” என்பதே அவன் கையிலுள்ள ஆயுதம். அந்த ஆயுதத்துக்குக் கூர் தீட்டிக் கொடுத்திருப்பவர்கள் நாமே. அதை மழுங்கச் செய்வதும் எம்மால் முடியும். இன்றிரவு, எதுவும் நேராதிருக்கும் வேளையிலேயே, பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: “என்ன நடந்தாலும் எங்களிட்ட வா. உன்னைக் குற்றம் சொல்லமாட்டம்.” சொல்லிவிட்டு, அவ்வாறே நில்லுங்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி பிறகு வரட்டும். பல்கலைக்கழகம் கற்பிக்கும் பாடங்கள் ஆயிரம் இருக்கலாம். இந்தப் பாடத்தை வீடுதான் கற்பிக்க வேண்டும்.