பெயர் சரி, போகும் இடம் சரியா?

வெளியூரிலிருந்து பிள்ளை அனுப்பிய காசு வங்கிக்கு வந்துவிட்டதா என்று கைத்தொலைபேசியிலேயே பார்க்கிற காலம் இது. ஆகவே 2011ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் நடந்ததை நாமும் அறிந்து வைப்பது நல்லது.

அங்கே மக்கள் வங்கியின் இணைய முகவரியைப் பிழையின்றித்தான் தட்டினார்கள். வந்த பக்கமும் வங்கிப் பக்கம் போலவே இருந்தது. ஆனால் அது கள்வர்கள் செய்து வைத்த பக்கம். கணினியைச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. குறை, சுவரோரம் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்த இணையப் பெட்டியில் இருந்தது. நாம் ரவுட்டர் என்று சொல்வதும் அத்தகைய பெட்டியைத்தான். இப்படி ஏறத்தாழ 45 இலட்சம் பெட்டிகளின் டி.என்.எஸ். இலக்கங்களை அவர்கள் மாற்றியிருந்தார்கள்.

அதென்ன டி.என்.எஸ்.? இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. நாம் தட்டுவதோ பெயரை. அந்தப் பெயருக்குரிய இலக்கத்தைச் சொல்லும் கணினி வேறெங்கோ இருக்கிறது. எந்தக் கணினியிடம் கேட்பது என்பது ரவுட்டரில் பதியப்பட்டிருக்கும். அதை மாற்றுவது, வாய்க்காலை மேலே வைத்துத் திருப்பிவிடுவது போன்றது. கீழே வயலில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் வீட்டுப் பெட்டியை நீங்களே பார்க்கலாம். கைத்தொலைபேசியை வைஃபையில் இணைத்து, இணைய உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டுங்கள். சரியான இலக்கமும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே போனதும் முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வதில் பயன் குறைவு. மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். பிரேசிலில் கள்வர் நுழைந்தது பழைய மென்பொருளில் இருந்த ஓட்டையால்தான்.

பிறகு டி.என்.எஸ். என்ற இடத்தைத் தேடுங்கள். 'தானாகப் பெறுக' என்று இருந்தால், இணைப்புத் தந்த நிறுவனத்தின் இலக்கங்களே பாவனையில் உள்ளன, பயப்பட ஒன்றுமில்லை. யாரும் போடாத இலக்கம் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். மாற்ற விரும்பினால் பழைய இலக்கங்களை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 9.9.9.9, 149.112.112.112 என்ற இரண்டும் தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களுக்கு வழி சொல்ல மறுப்பவை. கூகிளின் 8.8.8.8, 8.8.4.4 என்பனவும் உண்டு. சேமித்தபின் பெட்டியை நிறுத்தி, மீண்டும் போடுங்கள். இணையம் வராவிட்டால் தாளில் உள்ள பழைய இலக்கங்களைத் திரும்பப் போட்டால் சரி.

இதனால் டேட்டா மிச்சமாகும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி ஒன்றுமில்லை. நிறுவனங்கள் கொடுக்கும் சில பெட்டிகளில் இந்த இடம் பூட்டப்பட்டிருக்கும். அப்போது கைத்தொலைபேசியின் வைஃபை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது அந்த ஒரு தொலைபேசிக்கு மட்டுமே.