பயனர் வகிபாகம் (மென்பொருள் பொறியியல்)

மென்பொருள் பொறியியலில் பயனர் வகிபாகம் என்பது, ஒரு முறைமைக்கு வெளியே இருந்து அதனுடன் ஊடாடும் ஒருவரோ ஒன்றோ அவ்வூடாட்டத்தின்போது ஏற்கும் பங்கு ஆகும். முறைமையின் தேவைகளைப் பகுத்தாயும் தொடக்கக் கட்டத்திலேயே வகிபாகங்கள் வரையறுக்கப்படுகின்றன. யூ.எம்.எல். எனப்படும் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழியில் இது ஆக்டர் என அழைக்கப்படுகிறது. பயன்பாட்டு நிகழ்வு வரைபடத்தில் குச்சி மனித உருவால் இது காட்டப்படும்.

பெயரும் வரலாறும்

பயன்பாட்டு நிகழ்வு என்னும் கருத்துருவை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுக் கணினியியலாளர் இவார் யாக்கோப்சன். எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பக முறைமைகளில் பணியாற்றிய இவர், 1987 இல் இக்கருத்துருவை ஆய்வுக் கட்டுரையாகவும் 1992 இல் நூலாகவும் வெளியிட்டார். 1997 இல் யூ.எம்.எல். சீர்தரமாக ஏற்கப்பட்டபோது ஆக்டர் என்ற சொல்லும் அதனுடன் நிலைபெற்றது. இச்சொல் பொருத்தமற்றது என்றும், வகிபாகம் என்பதே சரியான பொருள் என்றும், சுவீடிய மொழியிலிருந்து பெயர்த்ததில் பிழை நேர்ந்ததாகத் தெரிகிறது என்றும் மார்ட்டின் பவுலர் தமது யூ.எம்.எல். நூலில் குறிப்பிடுகிறார். தமிழில் நடிகர் என்று பெயர்த்தால் குழப்பம் இரட்டிப்பாகும் என்பதால் இக்கட்டுரையில் வகிபாகம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

ஆளும் வகிபாகமும்

வகிபாகம் என்பது ஆள் அன்று, பதவியும் அன்று. தானியங்கிப் பணப்பொறியை (ஏ.டி.எம்.) எடுத்துக்கொள்வோம். வங்கிக் கிளை மேலாளர் தம் சொந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது அப்பொறிக்கு அவர் வாடிக்கையாளர் மட்டுமே. அவருடைய பதவி அங்கே பொருட்டல்ல. ஒருவர் பல வகிபாகங்களை ஏற்கலாம், ஒரே வகிபாகத்தை ஆயிரக்கணக்கானோர் ஏற்கலாம்.

இப்பொறிக்கு வகிபாகங்களை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் வாடிக்கையாளரோடு நிறுத்திவிடுவர். ஆனால் பொறியில் பணம் தானாக நிரம்புவதில்லை. பணம் நிரப்புபவர் என்ற வகிபாகத்தை எழுதிய பின்னரே சில கேள்விகள் எழுகின்றன: பெட்டகம் திறந்திருக்கும்போது வாடிக்கையாளர் சேவை நிறுத்தப்படுமா? இட்ட தொகைக்கும் கணக்கிலுள்ள தொகைக்கும் வேறுபாடு வந்தால் எங்கே பதிவாகும்? பொறிக்குள் சிக்கிய அட்டையை யார் எடுப்பது? இவற்றை நிரலாக்கம் முடிந்த பின்னர் கண்டறிந்தால் மாற்றுவது கடினம். பழுதுபார்ப்பவருக்கும் இது பொருந்தும்: அவர் பொறியைச் சோதிக்க வேண்டும், ஆனால் பணத்தைத் தொடக்கூடாது.

வகிபாகம் ஏற்பது மனிதராக இருக்கவேண்டியதில்லை. கணக்கில் இருப்பு உள்ளதா எனச் சரிபார்க்கும் வங்கியின் மையக் கணினி பொறிக்கு வெளியே இருப்பதால் அதுவும் ஒரு வகிபாகமே. குச்சி மனித உருவம் இங்கே தவறான எண்ணத்தைத் தருவதால் சிலர் அதற்குப் பதிலாகச் செவ்வகம் வரைவர். பொறிக்கு உள்ளேயே இருக்கும் தரவுத்தளம் வகிபாகம் ஆகாது. தொடக்கநிலையாளர் வரையும் படங்களில் இப்பிழை அடிக்கடி காணப்படும். ஒன்று உள்ளா வெளியா என்பது, முறைமையின் எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது.

அணுக்க உரிமைகள்

தேவைக் கட்டத்தில் வரையறுத்த வகிபாகங்களே பெரும்பாலும் பின்னர் அணுக்க உரிமைகளுக்கும் அடிப்படையாகின்றன. 1992 இல் பெராயோலோவும் குன்னும் முன்வைத்த வகிபாகம் சார்ந்த அணுக்கக் கட்டுப்பாடு, உரிமையை ஆளுக்கு நேரடியாக வழங்காமல் வகிபாகத்துக்கு வழங்குகிறது. ஊழியர் பணி மாறினால் அவருடைய வகிபாகத்தை மாற்றினால் போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. வங்கிகளில் பணப்பரிமாற்றத்தைப் பதிவு செய்பவர் ஒருவராகவும் ஒப்புதல் அளிப்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். வரைபடத்தில் இவ்விரண்டையும் தனித்தனி வகிபாகங்களாகக் காட்டினாலும், ஒரே ஆள் இரண்டையும் ஏற்பதை அப்படம் தடுக்காது. எனவே இவ்விதியைத் தனித் தேவையாக எழுத்தில் சேர்க்க வேண்டும். 2004 இல் அமெரிக்கச் சீர்தரமாக வெளியான வடிவம் இதற்கு இரு வழிகளைத் தருகிறது. ஒன்றில், முரண்படும் இரு வகிபாகங்களை ஒருவருக்கு வழங்கவே இயலாது. மற்றொன்றில், இரண்டையும் வழங்கலாம். ஆனால் ஒரே அமர்வில் இரண்டையும் அவர் பயன்படுத்த இயலாது. ஊழியர் குறைவான சிறு கிளைகளுக்கு இரண்டாவது வழி எளிது. எனினும் வெளியேறி மீண்டும் நுழைந்து தம் பதிவுக்குத் தாமே ஒப்புதல் அளிப்பதை அது தடுக்காது என்பதால், பதிவு செய்தவரின் பெயரை ஒவ்வொரு பரிமாற்றத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.