தரைக்கு இறக்கக்கூடிய ஆன்டெனா

ஹாம் ரேடியோ என்று பரவலாக அறியப்படும் அமெச்சூர் ரேடியோவைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லார் கண்ணும் மேஜைமேல் இருக்கும் கருவியைத்தான் பார்க்கும். தேர்வெழுதி, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமமும் தனக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்ற ஒருவர் அந்தக் கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் அவர் குரல் எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது வீட்டுக்கு வெளியே நிற்கும் ஆன்டெனா. மொட்டைமாடியின் அளவு, பக்கத்தில் போகும் மின்கம்பி, அந்த ஊரில் அடிக்கும் காற்று, கடல் இருக்கும் தூரம் இத்தனையும் பார்த்து அந்தந்த வீட்டுக்கென்று அமைக்க வேண்டிய பொருள் அது. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு உயரம் வைக்கலாம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏற்றியதை, வேண்டியபோது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பத்திரமாகத் தரைக்கு இறக்க முடியுமா? முடியாதென்றால் அந்த உயரம் அந்த வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் வாதம்.

உயரத்துக்குப் பலன் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற மீஉயர் அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. பூமியின் வளைவு மறைக்கும் இடம்வரைதான் அதன் எல்லை. அந்த எல்லை உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. 9 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு அது சுமார் 12 கிலோமீட்டர். 36 மீட்டருக்கு உயர்த்தினால் சுமார் 25 கிலோமீட்டர். அதாவது நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு தூரம். செலவும் ஆபத்தும் அப்படி மெதுவாக வளர்வதில்லை. சிற்றலையில் கணக்கு இன்னும் நமக்குச் சாதகம். வெளிநாடுகளோடு பேச உதவும் 14 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். கிடைமட்ட ஆன்டெனா ஒன்று தரையிலிருந்து அதில் பாதி, அதாவது பத்தரை மீட்டர் உயரத்தில் இருந்தாலே அடிவானத்தை நோக்கி நன்றாக வீசத் தொடங்கும். ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடியில் நான்கைந்து மீட்டர் ஜி.ஐ. குழாய் நட்டால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். அதற்கு மேலே ஏற்றினால் பலன் கூடத்தான் செய்யும். ஆனால் முதல் பத்து மீட்டர் தரும் பலனை அடுத்த பத்து மீட்டர் தராது.

தாழ்வாக இருப்பதே நல்லது என்ற நிலையும் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸில் பேச, சுமார் 20 மீட்டர் நீளக் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளை இணைத்தால் டைபோல் என்னும் எளிய ஆன்டெனா தயார். இதை ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டினால் அலையின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போகும். பகல் நேரத்தில் அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்ப, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டர் வட்டாரம் முழுவதும் அது இறங்கும். வெளிநாட்டோடு பேச நினைப்பவருக்கு இது குறை. சென்னையிலிருந்து நாகப்பட்டினத்தோடு பேச வேண்டியவருக்கு இதுவே தேவை. நடுவில் மலை நின்றாலும் இந்த அலையைத் தடுக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, வானொலிப் பயணமாக அந்தமானுக்கு ஏற்கெனவே போயிருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரில் தற்காலிக நிலையம் அமைத்துத் தாய்நிலத்தோடு தொடர்பை ஏற்படுத்தியது. இலங்கையில் ஹாம்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று சிற்றலை வழியே கொழும்போடு பேசினார்கள். இரு ஊர்களுக்கும் இடையே நேர்த்தூரம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்த நாட்களில் உதவியவை, கையோடு கொண்டுபோய்ச் சில மணி நேரத்தில் நிறுத்தக்கூடிய அமைப்புகள்.

உயரம் கேட்கும் விலையில் முதலாவது கேபிள். கருவியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிள் வழியிலேயே சக்தியைத் தின்றுவிடுகிறது. எளிதில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் 30 மீட்டர் போட்டால், 145 மெகாஹெர்ட்ஸில் கருவி அனுப்பும் சக்தியில் முக்கால் பங்கு ஆன்டெனாவை எட்டாமலே வெப்பமாகிப்போகும். உயரத்தால் வந்த லாபத்தைக் கேபிள் விழுங்குவது பலருக்குத் தெரிவதே இல்லை. இரண்டாவது விலை காற்று. இந்தியக் கட்டுமானத் தரநிலையின்படி காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. சென்னைக் கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ விசை. பல கைகள் கொண்ட யாகி ஆன்டெனா ஒன்று அரைச் சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்குக் காட்டினால், 75 கிலோ எடையைக் குழாயின் உச்சியில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பதற்குச் சமம். குழாய் நீள நீள அடிப்பகுதியை வளைக்கும் விசையும் ஏறும். கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்திய குழாய்க்கு அந்தத் தெம்பு கிடையாது.

மூன்றாவது விலைதான் என் வாதத்தின் மையம்: பராமரிப்பு. மேலே போன எந்த ஆன்டெனாவும் போன நிலையிலேயே இருப்பதில்லை. நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும். பாலியெஸ்டர் கயிறு அதைவிடத் தாங்கும். அலுமினியக் குழாயோடு செப்புக் கம்பியை நேரடியாக இணைத்தால், உப்புக் காற்றில் அந்த இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். எல்லாவற்றையும்விட மோசமான எதிரி கேபிளின் மேல்முனையில் நுழையும் தண்ணீர். அந்த இணைப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால், கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பிலும் மழைநீர் தங்கும். உள்ளே புகுந்த நீர் வெளிப்பின்னல் வழியாகத் திரிபோல இறங்கி, மின்னிய செம்பைக் கறுக்கவைக்கும். இதைக் கீழே உட்கார்ந்து மீட்டரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆன்டெனா பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், திரும்பி வரும் சக்தியை அளக்கிறது. கெட்டுப்போன கேபிள் போகும் சக்தியையும் தின்கிறது, திரும்பும் சக்தியையும் தின்கிறது. ஆகவே மீட்டர் முன்பைவிட நல்ல எண்ணைக் காட்டும். காரணமில்லாமல் அளவு மேம்பட்டால் அன்றே ஆன்டெனாவைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். இறக்க முடியாத ஆன்டெனாவை வைத்திருப்பவர் அந்த நல்ல எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பார்.

இறக்கும் வசதி என்பது பெரிய இயந்திரமல்ல. குழாயின் அடியில் ஒரு கீல், கான்கிரீட்டில் பதித்த அடித்தட்டு, மூன்று அல்லது நான்கு திசைகளில் ஸ்டே கம்பி, ஒரு கப்பி, ஒரு கயிறு. படுத்திருக்கும் குழாயைக் கயிற்றால் நேராக இழுத்தால், கயிற்றுக்கும் குழாய்க்கும் உள்ள கோணம் மிகச் சிறியதாக இருப்பதால், குழாயின் எடையைப்போலப் பல மடங்கு விசை கயிற்றில் விழும். அதனால்தான் கீலின் அருகே இன்னொரு சிறு கம்பத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கயிற்றை அதன் தலைவழியே கொண்டுபோகிறார்கள். குழாய் நிமிர நிமிர இழுவை குறையும். நேராக நிற்கப்போகும் நேரத்தில் இன்னொரு ஆபத்து. இழுத்த பக்கமே அது சாய்ந்துவிடலாம். எதிர்ப்பக்க ஸ்டே கம்பியின் நீளத்தை முன்கூட்டியே அளந்து கட்டியிருந்தால் அது தடுத்து நிறுத்தும். ஸ்டே கம்பியின் முனையை மடித்துப் பூட்டும் யூ-போல்ட் கிளிப்பிலும் ஒரு முறை உண்டு. கிளிப்பின் பள்ளமான அடிக்கட்டை, பாரம் சுமக்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் மடித்த குட்டை முனையை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியையே போல்ட் நசுக்கி வலுவைக் குறைத்துவிடும்.

"நன்றாக ஒருமுறை நிறுத்திவிட்டால் போதாதா? அடிக்கடி ஏற்றி இறக்குவதுதானே ஆபத்து?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போலந்தில் 1974இல் கட்டி முடித்த வார்சா வானொலி மாஸ்ட் 646 மீட்டர் உயரம். அப்போது உலகிலேயே உயரமான கட்டமைப்பு. 1991 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டே கம்பிகளை மாற்றும் பணியின்போதுதான் அது சரிந்தது. பராமரிப்பு நேரம் ஆபத்தான நேரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கம்பிகளை மாற்றாமலும் விட்டிருக்க முடியாது. தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ ரேடியோ தொலைநோக்கி சாட்சி. 2010இல் ஹாம்கள் அந்த 305 மீட்டர்த் தட்டை வைத்து நிலவில் பட்டுத் திரும்பும் அலைகளால் உலகெங்கும் பேசினார்கள். 2020 ஆகஸ்டில் அதன் துணைக் கேபிள் ஒன்று நடுவில் அறுபடவில்லை. முனையில் இருந்த பிடியிலிருந்து நழுவியது. நவம்பரில் ஒரு முதன்மைக் கேபிள் அறுந்தது. டிசம்பர் 1 அன்று மேலே தொங்கிய மேடை முழுவதும் தட்டின்மேல் விழுந்தது. கேபிள்கள் பிடிகளிலிருந்து மெல்ல வெளியே வருவது முன்பே கண்ணில் பட்டிருந்தது. தேய்மானம் தொடங்கும் இடம் முனை. அது இருப்பதோ கைக்கு எட்டாத உயரம். வீட்டு மாடியில் நிற்கும் சிறு கம்பத்துக்கும் இந்த விதியே. அதைச் சாய்த்துப் படுக்கவைத்தால் ஆள் மேலே ஏறும் அவசியமே இல்லை. அவரவர் செய்யும் வேலையெல்லாம் இடுப்பளவு உயரத்தில் முடிந்துவிடும்.

ஏற்றி இறக்கும்போது உயிரைப் பறிக்கக்கூடியது பெரும்பாலும் மின்கம்பி. நம் தெருக்களின் மின்கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு உறை கிடையாது. கம்பம் எந்தத் திசையில் சாய்ந்தாலும் அதன் நுனி மின்கம்பியைத் தொட முடியாத இடத்தில்தான் அதை நட வேண்டும். அப்படி இடம் இல்லாத மாடியில் கம்பமே வேண்டாம். குட்டையான கம்பி ஆன்டெனா போதும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. இடிக்கு, கம்பத்தையும் கேபிளின் வெளிப்பின்னலையும் வீட்டு எர்த்தையும் தடித்த கம்பியால் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். தனித்தனியாக விட்டால் அவற்றுக்கிடையே எழும் மின்னழுத்தத்தால் மின்னோட்டம் கருவி வழியாகவே பாயும். மேகம் கறுக்கும்போது கேபிளைக் கழற்றிவைப்பது எல்லாவற்றுக்கும் மேல்.

பக்கத்து வீட்டாரின் அச்சத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. கதிர்வீச்சு என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. ஹாம் நிலையத்திலிருந்து வருவது அணுக்களை அயனியாக்காத ரேடியோ அலை. தூரம் இரட்டித்தால் அதன் செறிவு நான்கில் ஒன்றாகும். நிலையமும் நாள் முழுவதும் ஒலிபரப்புவதில்லை. ஆனால் மாடியில் துணி காயப்போட வருபவர் கைக்கு எட்டும் இடத்தில் கம்பி இருக்கக் கூடாது. பேசும் நேரத்தில் அதைத் தொட்டால் உண்மையாகவே தோல் சுடும். டி.வி.யில் இரைச்சல் வந்தால் சரிசெய்வது ஹாமின் கடமை. பெரும்பாலும் ஃபெரைட் வளையங்கள் அதைத் தீர்த்துவிடும். பக்கத்து வீட்டார் கேட்கும் இன்னொரு கேள்வி, "புயலில் இது எங்கள் கூரைமேல் விழுந்தால்?" அதற்குச் சமாதானப் பேச்சு பதிலாகாது. புயல் எச்சரிக்கை வந்த அன்று கம்பம் படுத்திருப்பதை அவர்களே பார்க்க வேண்டும்.

அப்படியானால் புயல் அடிக்கும் நேரத்தில், தொடர்பு மிகவும் தேவைப்படும்போது, ஆன்டெனா தரையில் கிடக்குமே என்ற கேள்வி வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களும் தென்னைகளும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. அதைப்போன்ற இரவில் இறக்க வேண்டியது யாகியையும் உயரக் கம்பத்தையும்தான். முன்பு சொன்ன 20 மீட்டர் டைபோல் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன் உடையது என்றால், காற்றுக்கு அது காட்டும் பரப்பு 0.04 சதுர மீட்டர்; நொடிக்கு 50 மீட்டர் காற்றிலும் அதன்மேல் விழும் விசை சுமார் 6 கிலோ. முனையை மரத்தில் இறுகக் கட்டிவிடாமல், கப்பி வழியாகக் கயிற்றைவிட்டு நுனியில் மணல் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது பாட்டில் ஏறி இறங்கும். கம்பியில் இழுவை அதிகரிக்காது. மரமே விழுந்து கம்பி அறுந்தாலும், காலையில் அதே இருபது மீட்டர் கம்பியை முடிச்சுப் போட்டுச் சாளரக் கம்பியிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கட்டி, கார் பேட்டரியில் கருவியை ஓட்டி, மாவட்டத் தலைநகரத்தை அழைக்கலாம்.