'இன்சென்ஸ்' என்றால் ஊதுபத்தி மட்டும்தானா? மெயிலில் இந்த வார்த்தை வந்தால் உஷார்!

'தி கிளையன்ட் வாஸ் இன்சென்ஸ்டு' என்று ஆபீஸ் மெயிலில் ஒரு வரி வந்தால், கிளையன்ட் பூஜை செய்தார் என்று அர்த்தமில்லை. மனுஷன் கொதிச்சுப்போய் இருக்கார். உடனே போனை எடுங்க.

ஊதுபத்தி பாக்கெட்டில் பார்க்கிற அதே 'இன்சென்ஸ்'தான் இது. ஸ்பெல்லிங்கும் அதேதான். அப்புறம் வாசனைக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

லத்தீனில் 'இன்கெண்டெரே' என்றால் தீ மூட்டுவது. நெருப்பில் இட்டு எரித்தது தூபம் ஆனது. மனசுக்குள் மூட்டிய தீ கோபம் ஆனது. இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. தீ வைக்கிற குண்டுக்கும், கலவரத்தைத் தூண்டுகிற பேச்சுக்கும் சொல்கிற 'இன்சென்டியரி'யும் இதே குடும்பம்தான்.

நமக்கு இது புதுசும் இல்லை. 'எரி'யில் இருந்துதானே 'எரிச்சல்' வந்தது? அடுத்தவருக்கு புரமோஷன் கிடைத்தால் 'ஏன்டா புகையுற?' என்று கேட்பதும் இந்த ரகம்தான்.

எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் பேச்சில் வித்தியாசம் உண்டு. தூபம் என்றால் முதல் அசையான 'இன்'னில் அழுத்தம். கோபமூட்டுவது என்றால் 'சென்ஸ்'ஸில் அழுத்தம். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரு மாதிரி, வினைச்சொல்லாக வரும்போது ஒரு மாதிரி சொல்கிறோமே, அதேபோல.

கோபத்தின் அளவும் முக்கியம். லேசான கடுப்புக்கு 'அனாய்டு' போதும். 'இன்சென்ஸ்டு' என்பது 'ஆங்ரி'யையும் தாண்டிய ஆத்திரம். ரிப்போர்ட் அரை மணி நேரம் லேட்டானதற்கு மேனேஜருக்கு 'ஐ ஆம் இன்சென்ஸ்டு' என்று அனுப்பினால், விஷயம் ஹெச்.ஆர். வரை போகலாம்.

தூபம் என்ற அர்த்தத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி, குங்கிலியம் எல்லாமே 'இன்சென்ஸ்'தான். அதில் இருந்து வரும் புகையும்தான். பொதுவாக 'ஆன் இன்சென்ஸ்' என்று சொல்வதில்லை. ஒரே ஒரு பத்தி வேண்டுமென்றால் 'ஆன் இன்சென்ஸ் ஸ்டிக்'. ஓமன், சோமாலியா பக்கம் மரத்தில் இருந்து எடுக்கிற 'ஃபிராங்கின்சென்ஸ்' பிசினின் பெயரில் உள்ள 'ஃபிராங்க்', பழைய பிரெஞ்சில் உயர்தரம் என்ற பொருளில் வந்தது. இங்கே அது வெளிப்படையான பேச்சைக் குறிக்கவில்லை.

அப்போ 'இன்சென்டிவ்'? பார்க்க சொந்தக்காரர் மாதிரி இருந்தாலும் வேர் வேற. அது பாடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ராகம் எடுத்துக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அது வராத மாசம் நாம 'இன்சென்ஸ்டு' ஆவது தனிக்கதை.